ஜிஹெச்சி ‘பேனிக்’ என்று சொல்லி விழுந்தால் என்ன செய்வது: டைப் செக்கர் கிராஷுக்கு ஒரு வழிகாட்டி

ஹாஸ்கல் என்ற புரோகிராமிங் மொழியில் எழுதிப் பழகியவர்களுக்கு டைப் எரர், அதாவது எண் வேண்டிய இடத்தில் எழுத்து வந்தது போன்ற பிழை, ஒரு விஷயமே இல்லை. நாற்பது வரிக்கு வந்தாலும் மேலிருந்து படிப்போம், எந்த இடம், எந்த டைப்பை எதிர்பார்த்தது, எது வந்தது என்று பார்த்துத் திருத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். ஆனால் ஒருநாள் எரர் வரவேண்டிய இடத்தில் ‘பேனிக்! தி இம்பாசிபிள் ஹேப்பன்ட்’ என்று ஒரு வரி வந்து ஹாஸ்கலின் கம்பைலரான ஜிஹெச்சியே விழுந்துவிடும். நடக்கவே முடியாதது நடந்துவிட்டதாம். கீழே ஜிஹெச்சியின் வெர்ஷன் எண், இதுவரை கேள்விப்படாத ஒரு பெயர், எழுத்தும் எண்ணும் கலந்த நாலைந்து மாறிகள், கடைசியில் இதை பக் என்று தெரிவியுங்கள் என்ற வேண்டுகோள். உங்கள் கோடில் எந்த வரி என்றுகூடப் பல சமயம் இருக்காது.

இந்த இடத்தில் நிறையப் பேர் செய்வது, அன்றைக்கு எழுதிய எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதிப் பார்ப்பது. அது தேவையில்லை. இதற்கென்று ஒரு வழிமுறை இருக்கிறது, நிதானமாகப் போனால் பெரும்பாலும் ஒரு மாலைக்குள் வெளியே வந்துவிடலாம்.

முதலில் இந்தச் செய்திக்கு என்ன அர்த்தம் என்று பார்ப்போம். கம்பைலர் எழுதுகிறவர்கள் ‘இந்த இடத்துக்கு வரவே வராது’ என்று உறுதியாக நம்பும் இடங்களில் ஒரு பேனிக் அழைப்பை வைத்துவிடுவார்கள். உங்கள் புரோகிராம் அந்த இடத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். எவ்வளவு தப்பான கோடைக் கொடுத்தாலும் கம்பைலர் எரர் சொல்லித்தான் நிற்க வேண்டும், விழக்கூடாது. அதனால் இது கம்பைலரின் பக், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அதனாலேயே உங்கள் கோடு சரி என்று ஆகிவிடாது! டைப் செக்கர் (கம்பைலருக்குள் டைப்களைச் சரிபார்க்கும் பகுதி) பேனிக்குகளில் கணிசமானவை, கம்பைலர் உங்கள் தப்பைக் கண்டுபிடித்துவிட்டு அதை விளக்கிச் சொல்ல வார்த்தை தேடும்போதுதான் வருகின்றன. கம்பைலரிலும் பக், உங்கள் கோடிலும் தப்பு, இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். இதை மறந்துவிட்டுத்தான் பலர் நாள்கணக்கில் சுற்றுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பேனிக் என்பது நல்ல வகைக் கோளாறு. தப்பான புரோகிராமைச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்வது இதைவிட எவ்வளவோ மோசம். நியூடைப்புக்கு (இருக்கிற ஒரு டைப்பைச் சுற்றிய புது டைப்) தானாக இன்ஸ்டன்ஸ் (ஒரு கிளாஸின் வசதிகளை ஒரு டைப்புக்குத் தரும் அறிவிப்பு) வரவழைக்கும் வசதியும் டைப் ஃபேமிலியும் (டைப்பைக் கொடுத்தால் டைப்பைத் தரும் ஃபங்ஷன்) சேர்ந்து, ஒரு டைப்பை இன்னொன்றாக மாற்றிவிடும் ஓட்டை ஒன்று ஜிஹெச்சியில் பல வருடம் இருந்தது. 2014-ல் வந்த 7.8 வெர்ஷனில் ‘ரோல்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்துதான் அதை அடைத்தார்கள். விழுந்துவிட்டேன் என்று சொல்லும் கம்பைலர் உங்களை ஏமாற்றவில்லை.

இது நிஜமாகவே டைப் செக்கர்தானா?

பழைய பில்டின் மிச்சம்தான் பிரச்சினையா என்று முதலில் பாருங்கள். ஹாஸ்கலின் பில்ட் கருவியான கேபால் உருவாக்கும் ‘டிஸ்ட்-நியூஸ்டைல்’ ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி பில்ட் பண்ணுங்கள். இன்டர்ஃபேஸ் ஃபைல்கள் (ஒவ்வொரு மாட்யூலைப் பற்றியும் கம்பைலர் எழுதிவைக்கும் குறிப்புகள்) பழசாகிக் கிடந்தால் விசித்திரமான கிராஷ் எல்லாம் வரும், ஐந்து நிமிட வேலையில் தீர்ந்துபோகும்.

எடிட்டரில் மட்டும் விழுகிறதா, டெர்மினலிலும் விழுகிறதா என்று பாருங்கள். எடிட்டருக்குப் பின்னால் இருந்து கோடைச் சரிபார்க்கும் ஹாஸ்கல் லாங்குவேஜ் சர்வர் டைப் எரர்களைத் தள்ளிப்போட்டு, அவற்றை வார்னிங்காக்கி, மேற்கொண்டு போகப் பார்க்கும். டெர்மினலில் அப்படியில்லை. எடிட்டரில் மட்டும் விழுந்தால் டெர்மினலில் ‘எஃப்-டிஃபர்-டைப்-எரர்ஸ்’ ஃபிளாக் போட்டு ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் விழுந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

டைப் செக்கர் பிளகின் எதையாவது பயன்படுத்துகிறீர்களா? டைப் அளவில் எண்களைக் கூட்டிக் கழிக்கச் சில லைப்ரரிகள் பிளகின் தருகின்றன. அவை கம்பைலருக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்பவை, அங்கே தப்பு நடந்தாலும் விழுவது கம்பைலர்தான். பிளகினை எடுத்துவிட்டுப் பாருங்கள். வேறு எரர் வந்தாலும் பரவாயில்லை, பேனிக் போகிறதா என்பதுதான் கேள்வி.

அப்புறம் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பது. ஜிஹெச்சி உங்கள் ஃபைலை முதலில் பார்ஸ் செய்யும், பிறகு ரீனேமர் (ஒவ்வொரு பெயரும் எதைக் குறிக்கிறது என்று பார்ப்பது), பிறகு டைப் செக்கர், அதற்குப் பின் டீஷுகரர் எல்லாவற்றையும் ‘கோர்’ என்ற சின்ன மொழிக்கு மாற்றும், ஆப்டிமைசர் வேலையெல்லாம் அந்தக் கோர் மேல்தான் நடக்கும். ‘எஃப்-நோ-கோட்’ ஃபிளாக் போட்டால் கோடு உருவாக்கும் வேலை நடக்காது. அப்போதும் விழுந்தால் முன்பகுதியில்தான் பிரச்சினை. அந்த ஃபிளாக் போட்டதும் விழவில்லை என்றால் உடனே டைப் செக்கருக்குச் சம்பந்தமில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். ‘டி-கோர்-லின்ட்’ ஃபிளாக்கையும் போட்டுப் பாருங்கள். கோரும் டைப் உள்ள மொழிதான் என்பதால், ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதன் டைப் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று இந்த லின்ட் சரிபார்க்கும். டீஷுகர் முடிந்த உடனேயே, ஆப்டிமைஸ் செய்வதற்கு முன்பே லின்ட் எரர் வந்தால் டைப் செக்கரோ டீஷுகரரோதான் தப்பான கோரைக் கொடுத்திருக்கிறது. ஆப்டிமைசரின் பகுதியான சிம்ப்ளிஃபையருக்கு அப்புறம் வந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது இல்லை, ஆப்டிமைசரைத் தேடுங்கள்.

கிராஷ் மாதிரியே தெரியும், ஆனால் கிராஷ் இல்லாத ஒன்றும் இருக்கிறது. ‘ரிடக்ஷன் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ’ என்று வந்தால் அது சாதாரண எரர்தான். கன்ஸ்ட்ரெய்ன்ட்டை (டைப் மேல் விதிக்கும் நிபந்தனை) தீர்க்கும்போது ஆழம் 200-ஐத் தாண்டக்கூடாது என்று ஜிஹெச்சி வைத்திருக்கும் எல்லை அது. உங்கள் டைப் ஃபேமிலியோ இன்ஸ்டன்ஸோ முடிவில்லாமல் சுற்றுகிறது என்று அர்த்தம். அன்டிசைடபிள் இன்ஸ்டன்ஸ் வசதியைப் போட்டு இது முடிவுக்கு வருமா என்று பார்க்கும் சோதனையை நாமே நிறுத்தியிருப்போம், கம்பைலரைக் குறை சொல்வதற்கில்லை.

செய்தியை வரி வரியாகப் படிப்பது

எடுத்துக்காட்டுக்கு ‘நோ ஸ்கோலம் இன்ஃபோ’ என்ற பேனிக்கை எடுத்துக்கொள்வோம், 8-வரிசை வெர்ஷன்களில் டைப் அளவில் விளையாடியவர்கள் பலர் இதைச் சந்தித்திருப்பார்கள். ஸ்கோலம் என்பது நார்வே நாட்டுத் தர்க்கவியலாளர் தோரால்ஃப் ஸ்கோலமின் பெயரிலிருந்து வந்தது. ஒரு ஃபங்ஷனின் சிக்னேச்சரில் (அதன் டைப்பை எழுதும் வரியில்) ‘எந்த ஏ-வாக இருந்தாலும்’ என்று எழுதுகிறீர்கள் இல்லையா, அந்த ஃபங்ஷனுக்குள்ளே ஏ என்பது என்ன என்று தெரியாத, ஆனால் மாற்றவும் முடியாத ஒரு டைப். அதை இன்ட் என்று எடுத்துக்கொள்ளக் கம்பைலருக்கு உரிமை இல்லை. அதுதான் ஸ்கோலம். எரர் செய்தியில் ‘இந்த ஏ இந்த சிக்னேச்சரிலிருந்து வந்தது’ என்று ஒரு வரி வருமே, அந்தத் தகவலைத் தேடிப் போய், கிடைக்காமல் விழுந்ததுதான் இந்தப் பேனிக். கவனியுங்கள், அதைத் தேடியதே எரர் சொல்வதற்காகத்தான். ஆக இந்தப் பெயரைப் பார்த்த உடனே உங்கள் கோடில் ஒரு டைப் எரர் ஒளிந்திருக்கிறது என்று நம்பிக்கையோடு தேட ஆரம்பிக்கலாம்.

அடுத்து மாறிகள். ‘கே’ என்ற பெயர், பக்கத்தில் ஓர் அடிக்கோடு, குறியெழுத்துகள், பின்னால் சதுர அடைப்புக்குள் ‘எஸ்கே’ என்றோ ‘டாவ்’ என்றோ போட்டு ஓர் எண். எஸ்கே என்றால் ஸ்கோலம். டாவ் என்றால் இன்னும் தீர்மானிக்கப்படாத, யூனிஃபிகேஷன் (இரண்டு டைப்களைப் பொருத்திப் பார்ப்பது) மூலம் கம்பைலர் நிரப்பவேண்டிய மாறி. எண் என்பது அது எத்தனை அடுக்கு உள்ளே பிறந்தது என்பது. இரண்டாம் அடுக்கு ஸ்கோலம் முதல் அடுக்கு மாறிக்குள் நுழையப் பார்த்தால் அதுதான் ‘ஸ்கோலம் தப்பித்துப் போகிறது’ என்ற நாம் நன்கு அறிந்த எரர். நடுவில் இருக்கும் குறியெழுத்துகள் கம்பைலர் தானாக வைத்தவை, உங்கள் கணினியில் வந்தது இன்னொருவருக்கு வராது, அவற்றைப் போட்டுத் தேடாதீர்கள். தேடவேண்டியது பேனிக்கின் பெயரைத்தான்.

அதற்குக் கீழே கால் ஸ்டாக், கம்பைலருக்குள் எது எதை அழைத்தது என்ற பட்டியல். 9.0 முதல் ஜிஹெச்சியின் மாட்யூல்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் ஃபைல் பாதையே பாதி கதையைச் சொல்லிவிடும். பாதையில் ‘டிசி’ என்று இருந்தால் டைப் செக்கர். அதற்குள் ‘ஜென்’ என்றால் உங்கள் எக்ஸ்பிரஷன்களுக்குள் நடந்துபோய் கன்ஸ்ட்ரெய்ன்ட் சேகரிக்கும் பகுதி, ‘சால்வர்’ என்றால் சேகரித்ததைத் தீர்க்கும் பகுதி, ‘டைசிஎல்’ என்றால் டேட்டா, கிளாஸ் அறிவிப்புகளைப் பார்க்கும் பகுதி, ‘எரர்ஸ்’ என்றால் மேலே சொன்ன மாதிரி எரர் சொல்லப் போய் விழுந்தது. டைசிஎல்-இல் விழுந்தால் ஃபங்ஷன் உடல்களைத் தோண்டி நேரத்தை வீணாக்க வேண்டாம், டேட்டா அறிவிப்பையும் கைன்ட்களையும் (டைப்களுக்கே உள்ள டைப்) பாருங்கள்.

பேனிக் என்ற சொல்லே இல்லாமல் ‘ஜிஹெச்சி இன்டர்னல் எரர்’ என்று வருவதும் உண்டு. ஒரு பெயர் ரீனேமரைத் தாண்டி வந்துவிட்டது, ஆனால் டைப் செக்கிங்கின்போது காணோம் என்று சொல்லும். பெரும்பாலும் அறிவிப்புகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் வரிசையில் சிக்கல். டெம்ப்ளேட் ஹாஸ்கலோ (கோடை உருவாக்கும் கோடு) டேட்டா கைன்ட்ஸோ (டேட்டாவை டைப் அளவில் பயன்படுத்தும் வசதி) பக்கத்தில் இருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான்.

சுருக்குவது

இதுதான் முக்கியமான வேலை, மற்றதெல்லாம் இதற்குத் துணை. அறுநூறு வரி மாட்யூலில் விழுகிற கம்பைலரைப் பார்த்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. பத்து வரியில் விழ வைத்துவிட்டால் பாதி நேரம் உங்களுக்கே காரணம் தெரிந்துவிடும்.

கோடை ஒரு புது ஃபோல்டருக்குக் காப்பி எடுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். கேபாலை விட்டுவிட்டு ஜிஹெச்சியை நேரடியாக அந்த ஒரு ஃபைல் மேல் ஓட்டுங்கள், நோ-கோட் ஃபிளாக்கோடு, வேகமாக இருக்கும். சொந்த மாட்யூல்களை இம்போர்ட் செய்திருந்தால் தேவையான அறிவிப்புகளை மட்டும் இந்த ஃபைலுக்கே கொண்டுவந்து ஒட்டிவிடுங்கள். வெளி லைப்ரரிகளும் அப்படித்தான், ஒரு கிளாஸ் மட்டும் தேவையென்றால் அந்தக் கிளாஸின் பொம்மை வடிவத்தை நீங்களே நாலு வரியில் எழுதிக்கொள்ளலாம். கடைசியில் ஜிஹெச்சியோடு வரும் ‘பேஸ்’ லைப்ரரி மட்டும் மிஞ்சவேண்டும்.

பிறகு வெட்ட ஆரம்பியுங்கள். ஃபங்ஷன் உடல்களை ‘அன்டிஃபைன்ட்’ என்று மாற்றுங்கள், சிக்னேச்சரை விட்டுவையுங்கள். இன்னும் விழுகிறதென்றால் அந்த உடலுக்குச் சம்பந்தமில்லை, அடுத்ததுக்குப் போங்கள். விழவில்லையென்றால் உடலைத் திரும்பப் போட்டு அதற்குள் பாதியை வெட்டுங்கள். டேட்டா டைப்பில் பன்னிரண்டு கன்ஸ்ட்ரக்டர் இருந்தால் ஒன்றாக்குங்கள். கிளாஸில் மெத்தட்களைக் குறையுங்கள். ஃபைலின் மேலே அடுக்கி வைத்திருக்கும் எக்ஸ்டென்ஷன்களை (மொழியின் கூடுதல் வசதிகள்) ஒவ்வொன்றாக எடுங்கள், இது சின்ன வேலை மாதிரித் தெரிந்தாலும் நிறையச் சொல்லும். கடைசியில் பாலி கைன்ட்ஸும் டைப் ஃபேமிலியும் மட்டும் மிஞ்சினால் எந்த மூலையில் தேடவேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் பேனிக்கின் பெயர் அதேதானா என்று பாருங்கள். இதில்தான் ஆட்கள் வழுக்குவார்கள். வெட்டிக்கொண்டே போகும்போது பேனிக் சாதாரண எரராக மாறியிருக்கும், அல்லது வேறு பெயரில் இன்னொரு பேனிக் ஆகியிருக்கும், சிவப்பாக ஏதோ வருகிறது என்று தொடர்ந்து வெட்டிக்கொண்டிருப்போம். ஒவ்வொரு படியையும் கிட்டில் கமிட் செய்துவிடுங்கள், திரும்பிப் போகச் சுலபம்.

கையால் வெட்டி அலுத்துவிட்டால் சி-ரெட்யூஸ் என்ற கருவி இருக்கிறது. யூட்டா பல்கலைக்கழகத்தில் சி கம்பைலர் பக்குகளுக்காக உருவானது, ஆனால் இது சி மொழி இல்லை என்று ஃபிளாக் போட்டுச் சொல்லிவிட்டால் வரிகளையும் துண்டுகளையும் பொதுவாக வெட்டிப் பார்க்கும், ஹாஸ்கலுக்கும் உதவும். நீங்கள் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதித் தரவேண்டும்: ஜிஹெச்சியை ஓட்டு, வெளியீட்டில் இந்தப் பேனிக் பெயர் இருந்தால் வெற்றி, இல்லாவிட்டால் தோல்வி. பேனிக் என்ற சொல்லை மட்டும் தேடாமல் முழுப் பெயரையும் தேடச் சொல்லுங்கள், காரணம் மேலே சொன்னதுதான். என்றாலும் நான் முதல் பாதியைக் கையால்தான் செய்வேன். வெட்டும்போது எதை எடுத்தால் நிற்கிறது, எதை எடுத்தாலும் நிற்கவில்லை என்று பார்த்துக்கொண்டே போவதில்தான் பக்கின் வடிவம் மனதில் பதிகிறது, கருவி அதைத் தராது.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். டேபிளின் பத்திகளை டைப் அளவில் ஒரு பட்டியலாக வைத்து, பெயரைக் கொடுத்தால் அதன் டைப்பைத் தேடித்தரும் டைப் ஃபேமிலி ஒன்று எழுதியிருந்தேன். மாட்யூல் மொத்தம் அறுநூறு வரிக்குப் பக்கம். விழுந்தது நோ ஸ்கோலம் இன்ஃபோ. இரண்டு மணி நேரம் வெட்டி ஒன்பது வரிக்கு வந்தபோது, அந்த ஒன்பதில் ஒரு வரி கண்ணில் குத்தியது. பெயர்களின் பட்டியலை எதிர்பார்க்கும் இடத்தில் நான் டைப்களின் பட்டியலைக் கொடுத்திருந்தேன். அறுநூறு வரியில் ஒருக்காலும் தெரிந்திருக்காது. அதைத் திருத்தியதும் என் வேலை முடிந்தது, ஆனால் அந்த ஒன்பது வரியை எடுத்து வைத்தேன், கம்பைலருக்குத் தெரிவிப்பதற்காக.

சுருக்கிய பிறகும் ஒன்றும் விளங்கவில்லையென்றால் ‘டி-டம்ப்-டிசி-ட்ரேஸ்’ ஃபிளாக்கைப் போடுங்கள். சின்ன ஃபைலுக்கே ஆயிரக்கணக்கில் வரிகள் வரும், ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டு அடியிலிருந்து படியுங்கள். டைப் செக்கர் பல வேலைகளைத் தொடங்கும்போது பெயரோடு ஒரு திறப்பு வளைவுக்குறியும், முடிக்கும்போது மூடும் குறியும் எழுதும். திறந்து மூடாமல் கிடப்பவற்றைத் தேடிப்போனால் எந்த வேலைக்கு நடுவில் செத்தது என்று தெரிந்துவிடும். முழுவதையும் புரிந்துகொள்ள முயல வேண்டாம், அது கம்பைலர்காரர்களுக்கானது.

இப்போதைக்கு வேலை ஓட

பக் சரியாகும்வரை காத்திருக்க முடியாதுதான். முதலில் ஜிஹெச்சியை நிறுவும் கருவியான ஜிஹெச்சிஅப் வைத்து வேறு வெர்ஷன்களில் ஓட்டிப் பாருங்கள், முக்கியமாக அதே வரிசையின் கடைசி வெர்ஷனில். 9.2.1-இல் இருந்தால் 9.2 வரிசையின் கடைசிக்குப் போவது ஆபத்தில்லாத மாற்றம், பக் திருத்தங்கள்தான் அதில் வரும்.

அதுவும் உதவாவிட்டால் பொதுவான விதி ஒன்றுதான்: கம்பைலர் ஊகிக்க வேண்டியதைக் குறையுங்கள். டைப் ஃபேமிலிக்கும் கிளாஸுக்கும் கைன்ட் சிக்னேச்சரைத் தனியாக எழுதுங்கள், 8.10 முதல் அதற்கு வசதி இருக்கிறது. ‘ஃபார்ஆல்’ போட்டு மாறிகளை வெளிப்படையாக அறிவியுங்கள். ‘வேர்’ பகுதியில் இருக்கும் உள் ஃபங்ஷன்களுக்கும் சிக்னேச்சர் கொடுங்கள். பாதி சிக்னேச்சரில் அடிக்கோடு போட்டுவிட்டுப் போயிருந்தால் நிரப்புங்கள். ஜிஏடிடி (கன்ஸ்ட்ரக்டருக்குக் கன்ஸ்ட்ரக்டர் டைப் மாறக்கூடிய டேட்டா டைப்) மேல் ‘கேஸ்’ போட்டு உள்ளே இன்னொரு கேஸ் என்று அடுக்கியிருந்தால் உள்ளே இருப்பதைத் தனி ஃபங்ஷனாக வெளியே எடுத்து முழு டைப்பையும் எழுதுங்கள். இவற்றில் ஒன்றாவது பெரும்பாலும் வேலை செய்யும். எது வேலை செய்ததோ அதற்கு மேலே ஒரு கமென்ட், எந்த வெர்ஷனில் எதற்காக என்று. இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து யாரோ அந்த சிக்னேச்சரைத் தேவையில்லை என்று எடுத்துவிடுவார்கள்.

தெரிவிப்பது

தயவுசெய்து தெரிவியுங்கள். ஜிஹெச்சியின் பக்குகள் ஹாஸ்கல் அமைப்பின் சொந்த கிட்லேப் தளத்தில் இருக்கின்றன. முதலில் பேனிக்கின் பெயரைப் போட்டு அங்கே தேடுங்கள். ஏற்கனவே இருந்தால் உங்கள் ஃபைல் இன்னும் சின்னதாக இருக்கும்பட்சத்தில் அதில் சேருங்கள், சின்ன எடுத்துக்காட்டை யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். புதிதாக எழுதுவதானால் சுருக்கிய ஃபைல், ஓட்டிய கட்டளை அப்படியே, பேனிக் செய்தி முழுசாக, எந்தெந்த வெர்ஷனில் விழுகிறது எதில் விழவில்லை என்பது, என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள் என்பது. முன் வெர்ஷனில் ஓடியது இதில் விழுகிறது என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள், தேடுகிறவர்களுக்கு அதுதான் மிகப்பெரிய துப்பு. அலுவலகக் கோடு என்று தயங்க வேண்டியதில்லை, ஒன்பது வரியில் பெயர்களை ஏ, பி என்று மாற்றிவிட்டால் அதில் அலுவலக ரகசியம் எதுவும் மிஞ்சாது.

நம் ஒன்பது வரியால் என்ன ஆகப்போகிறது என்று நினைக்காதீர்கள். நோ ஸ்கோலம் இன்ஃபோவுக்கே தனித்தனியாகப் பல டிக்கெட்டுகள் (பக் அறிக்கைகள்) வந்தன. ஒவ்வொன்றையும் அந்தந்த இடத்தில் ஒட்டுப்போட்டுத் திருத்திவந்தார்கள், அப்புறம் ஒரு கட்டத்தில், எங்கிருந்து வந்தது என்ற தகவலை வெளியே எங்கோ தேடுவதற்குப் பதிலாக ஸ்கோலம் மாறிக்குள்ளேயே சேர்த்து வைக்கும்படி அமைப்பையே மாற்றினார்கள். தேடினால் கிடைக்காமல் போவதற்கு அதன் பிறகு இடமே இல்லை.

திருத்தம் உள்ளே போகும்போது பெரும்பாலும் உங்கள் ஃபைலும் கூடவே போகும். ஜிஹெச்சியின் டெஸ்ட் ஃபோல்டரில் ‘டி’ என்ற எழுத்தும் உங்கள் டிக்கெட் எண்ணும் சேர்ந்த பெயரில் அது உட்கார்ந்துவிடும், கம்பைலரில் யார் கைவைத்தாலும் அந்த ஒன்பது வரியும் ஒருமுறை ஓடும்.